சாட்சிக் கூண்டும் ஜூரிப் பெஞ்சும்

சட்டப் புத்தகங்களைக் கதைப் புத்தகங்களைப் போலப் படிக்கிற கெட்ட பழக்கம் ஒன்று எனக்கு வெகு காலமாக உண்டு. வக்கீல் நண்பர்கள் கேலி செய்வார்கள். ஆனால் ஒரு சமுதாயம் மனிதனைப் பற்றி என்ன நினைத்தது என்று தெரிந்துகொள்ள அதன் நாவல்களைப் படித்தால் மட்டும் போதாது. சட்டங்களில் தகுதி, தகுதியின்மை, விலக்கு என்று வருகிற பகுதிகளையும் படித்துப் பார்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். நாவலாசிரியன் தயங்கித் தயங்கிச் சொல்கிற விஷயத்தைச் சட்டம் எழுதுகிறவன் எண் போட்டுச் சொல்லிவிடுகிறான்.

1898-ஆம் வருஷத்துக் கிரிமினல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரர்களைப் பற்றி ஓர் அத்தியாயம் உண்டு. ஜூரிக்கு எடுக்கப்பட்ட ஒருவரை 'இவர் வேண்டாம்' என்று ஆட்சேபிப்பதற்கு என்னென்ன காரணம் சொல்லலாம் என்று 278-ஆம் பிரிவு ஒரு ஜாபிதா கொடுக்கிறது. ஒரு கட்சியின் பக்கம் சாய்ந்தவர், 21 வயதுக்குக் குறைந்தவர், 60 வயதைத் தாண்டியவர், கோர்ட்டில் உத்தியோகம் பார்ப்பவர், போலீஸ் வேலை பார்ப்பவர், சாட்சியம் சொல்லப்படும் பாஷை புரியாதவர் - இவையெல்லாம் யாரும் எதிர்பார்க்கக் கூடியவைதான். நடுவே ஒரு காரணம் வருகிறது. பழக்கத்தினாலோ மத விரதத்தினாலோ உலக விவகாரங்களைப் பற்றிய கவலையை அடியோடு விட்டுவிட்டவராக இருந்தால் அவரையும் ஆட்சேபிக்கலாமாம். முதல் தடவை இதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சிரித்தேன். பட்டினத்தாரும் தாயுமானவரும் ஜூரிப் பெஞ்சில் உட்கார லாயக்கில்லாதவர்கள்! நாம் காலில் விழுந்து கும்பிடுகிற மனிதரை, ஒரு திருட்டு வழக்கில் அபிப்பிராயம் சொல்லக்கூடக் கூப்பிட வேண்டியதில்லை.

பைத்தியம் என்ற வார்த்தை அந்த ஜாபிதாவில் கிடையாது. ஆனால் கடைசி வரியில், கோர்ட்டின் அபிப்பிராயத்தில் ஒருவரைப் பொருத்தமற்றவராக்கும் வேறு எந்தக் காரணமும் செல்லும் என்று ஒரு பெரிய சாக்குப் பை விரித்து வைத்திருக்கிறது. அதில் எதையும் போடலாம்.

இளைய வாசகர்களுக்கு இந்த ஜூரி சமாச்சாரமே புதிதாக இருக்கலாம். ஹைகோர்ட்டில் ஒன்பது பேர். ஜில்லா செஷன்ஸ் கோர்ட்டில் ஒன்பதுக்கு மேற்படாமல் ஒற்றைப்படையாக ஓர் எண்ணிக்கை. சட்டம் படிக்காத சாதாரண மனிதர்கள் உட்கார்ந்து குற்றவாளியா இல்லையா என்று சொல்வார்கள். எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1945-இல் தண்டனை அடைந்தது சென்னை ஹைகோர்ட்டில் ஜூரி சொன்ன தீர்ப்பினால்தான். பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி, 1947-இல்தான் அவர்கள் விடுதலையானார்கள். பம்பாயில் நானாவதி என்ற கடற்படை அதிகாரியை எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ஜூரி குற்றமற்றவர் என்றது 1959-இல். ஜட்ஜ் அதை ஒப்புக்கொள்ளாமல் ஹைகோர்ட்டுக்கு அனுப்பினார். அங்கே ஆயுள் தண்டனை. 1961-இல் சுப்ரீம் கோர்ட்டும் அதையே ஊர்ஜிதம் செய்தது. இந்த முறையே வேண்டாம் என்று சட்டக் கமிஷன் 1958-இலேயே சிபாரிசு செய்திருந்தது. 1973-ஆம் வருஷத்துப் புதிய நடைமுறைச் சட்டம் 1974 ஏப்ரலில் அமலுக்கு வந்தபோது ஜூரி போய்விட்டது.

ஜூரிக்கு ஒரு தம்பியும் இருந்தான். அசெஸர் என்று பெயர். ஜில்லாக் கோர்ட்டுகளில் ஜூரி இல்லாத வழக்குகளில் ஜட்ஜுக்குப் பக்கத்தில் சில அசெஸர்கள் உட்கார்ந்து வழக்கைக் கேட்டு, முடிவில் தங்கள் அபிப்பிராயத்தைச் சொல்வார்கள். ஜட்ஜ் அதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஏற்றுக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. இந்த ஏற்பாட்டை 1955-ஆம் வருஷத்துத் திருத்தச் சட்டம் எடுத்துவிட்டது.

அது எடுபடுவதற்கு இரண்டு வருஷம் முன்பு என் மாமாவுக்கு அசெஸர் சம்மன் வந்தது.

மாமா ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் இருந்தார். பதனிட்டு உலர்ந்து வரும் தோல்களைத் தரம் பிரிப்பது அவர் வேலை. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட காலம் அது. ஆட்டுத் தோலை இடது முழங்கையில் போட்டுக்கொண்டு வலது உள்ளங்கையால் ஒரு தடவை தடவுவார். பிறகு வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்பார். உரிக்கும்போது விழுந்த கத்திக் காயம், உண்ணி கடித்த புள்ளி, அம்மை வடு, சூடு போட்ட தழும்பு - எல்லாம் அந்த ஒரு தடவலில் அவருக்குத் தெரிந்துவிடும். முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம், கழிவு. அவர் எந்த அடுக்கில் போட்டாரோ அந்த அடுக்கில்தான் அந்தத் தோல் சென்னைப் பெரியமேட்டுக்குப் போகும். அதற்கு மேல் அப்பீல் இல்லை. "அவர் கை பொய் சொல்லாது" என்று முதலாளி சொல்வாராம்.

அந்த மாமாவுக்கு 1951-இல் சித்தம் கலங்கியது. சென்னையில் கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரியில் சில மாதங்கள் இருந்துவிட்டுத் தெளிந்து வந்தார். நம் ஊர்களில் கீழ்ப்பாக்கம் என்பது ஒரு பேட்டையின் பெயர் மட்டும் அல்ல என்பது வாசகர்களுக்குத் தெரியும். போய்த் திரும்பி வந்தவன் எத்தனை தெளிவாக இருந்தாலும் அந்தப் பெயர் அவனோடு கூடவே வரும். முதலாளி பழைய இடத்திலேயே அவரை உட்கார வைத்தார். தோல்கள் வந்தன, மாமா தடவினார், அடுக்குகள் எழும்பின.

சம்மன் வந்ததில் மாமாவுக்குப் பரம சந்தோஷம். வேலூர் செஷன்ஸ் கோர்ட்டில் ஜட்ஜுக்குப் பக்கத்தில் உட்காருவது என்றால் சாமானியமா? கல்யாணக் கோட்டை வெளுக்கப் போட்டார். ஆனால் தாத்தா அவருக்குத் தெரியாமல் ஒரு டாக்டரிடம் கடிதம் வாங்கிக் கோர்ட்டில் மனுப் போட்டுவிட்டார். கெட்ட எண்ணம் கொஞ்சமும் இல்லை. கொலை, வெட்டு, குத்து என்று நாள் முழுதும் கேட்டுக்கொண்டிருந்தால் பிள்ளைக்குத் திரும்ப வந்துவிடப் போகிறதே என்ற பயம்தான். விலக்குக் கிடைத்தது. வெளுத்து வந்த கோட்டு பெட்டிக்குள் போயிற்று. அப்போது எனக்கு ஒன்பது வயது. மாமா அன்று சாப்பிடவில்லை என்பது ஒன்றுதான் நினைவிருக்கிறது.

பிற்காலத்தில் சட்டத்தைப் புரட்டியபோதுதான் ஒரு விஷயம் என் கண்ணில் பட்டது. ஜூரரையோ அசெஸரையோ நியாயமான காரணத்துக்காகக் கோர்ட்டு மன்னித்து விடலாம் என்கிற 330-ஆம் பிரிவு, குறிப்பிட்ட ஒரு செஷனுக்கு வராமல் இருக்கலாம் என்றுதான் சொல்கிறது. அந்த ஒரு செஷனுக்குத்தான் விலக்கு! ஜன்மத்துக்கும் அல்ல. ஆனால் எங்கள் குடும்பம் அந்தக் காகிதத்தை இருபது வருஷம் உபயோகித்தது. பாலாற்றங்கரை நிலத்தை விற்றபோது மாமாவிடம் கையெழுத்து வாங்கினார்கள், அபிப்பிராயம் கேட்கவில்லை. அவருடைய சொந்தப் பெண்ணுக்கு வரன் பார்த்தபோது மாப்பிள்ளை வீட்டாரோடு பேசினவர்கள் தாத்தாவும் என் அப்பாவும்தான். "கோர்ட்டே அவரை வேண்டாம்னு விட்டுடுச்சே, நாம எதுக்குத் தொந்தரவு பண்ணணும்?" என்று ஒரு வாக்கியம் எங்கள் வீட்டில் புழக்கத்தில் இருந்தது. கருணையான வாக்கியம்தான். காலையில் நூறு தோல்களுக்குத் தீர்ப்புச் சொல்லிவிட்டு வருகிற மனிதர், மாலையில் கூடத்தில் பேச்சு நடக்கும்போது திண்ணையில் உட்கார்ந்திருப்பார்.

இதற்கு நேர்மாறான இன்னொரு சட்டம் இந்த நாட்டில் அதற்கும் முன்பே இருந்தது என்பதுதான் எனக்கு ஆச்சரியம். 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தின் 118-ஆம் பிரிவு யார் சாட்சி சொல்லலாம் என்பதைப் பற்றிப் பேசுகிறது. கேட்கிற கேள்வி புரிந்து, பொருத்தமாகப் பதில் சொல்ல முடிகிற எவரும் சொல்லலாம். சித்தப் பிரமை உள்ளவர் என்ற ஒரே காரணத்தால் ஒருவர் சாட்சியத் தகுதியை இழப்பதில்லை. கேள்வி புரியாதபடி, பதில் சொல்ல முடியாதபடி அந்தப் பிரமை தடுத்தால்தான் தகுதி இல்லை. 2024 ஜூலையில் பழைய சட்டத்தின் இடத்துக்குப் புதிய சட்டம் வந்த பிறகும் இந்தக் கொள்கை அப்படியே நிற்கிறது. எவ்வளவு நாகரிகமான ஏற்பாடு! ஆசாமியின் பெயர்ப் பலகையைப் பார்க்காதே. கேள்வியைக் கேள், பதிலைப் பார் என்கிறது.

ஆக, சித்தம் கலங்கியவன் சாட்சிக் கூண்டில் ஏறலாம். அவன் சொல் ஒருவனைத் தூக்குமேடைக்கு அனுப்பலாம்; ஒருவனைத் தப்புவிக்கலாம். ஜூரிப் பெஞ்சில் மட்டும் அவனுக்கு இடம் இல்லை. அவன் கண்டதை நம்புவோம். அவன் முடிவை நம்ப மாட்டோம்.

நம்முடைய இலக்கியத்தையும் சினிமாவையும் இந்த ஒரு வித்தியாசத்தை வைத்துக்கொண்டு பார்த்தால் சில விஷயங்கள் தெளிவாகின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. தமிழ்க் கதைகளில் பைத்தியத்துக்குப் பஞ்சம் இல்லை. ஊருக்கு ஒரு பைத்தியம் உண்டு. ஊர் மறைக்கிற உண்மையை அது தெருவில் நின்று கத்தும். 'பராசக்தி' (1952) படத்தில் குணசேகரன் பட்டணத்தில் பிழைக்க வழி இல்லாமல் பைத்தியக்கார வேஷம் போடுகிறான். அந்த வேஷம் கொடுத்த சுதந்திரத்தில் ஊரைக் கேலி செய்கிறான். பிறகு கோர்ட்டில் பேசுகிறான். தமிழ்நாடே அந்தப் பேச்சை மனப்பாடம் செய்தது. ஆனாலும் அவன் பேசுவது கூண்டில் நின்றுகொண்டுதான். அவன் வேலை சொல்வது. முடிவு செய்வது மேலே ஆசனத்தில் இருப்பவர் வேலை.

ஜெயகாந்தனின் 'ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்' (1973) நான் மிகவும் மதிக்கிற நாவல். பேபி என்ற சித்தம் பேதலித்த பெண்ணை ஹென்றி எந்தக் கேள்வியும் கேட்காமல் தன் வீட்டில் ஏற்றுக்கொள்கிறான். அவளைப் பற்றி எழுதும்போது ஜெயகாந்தனின் பேனாவில் அருவருப்பும் இல்லை, அசட்டுப் பரிதாபமும் இல்லை. இது பெரிய சாதனை. அதே நாவலில் ஒரு பஞ்சாயத்தும் கூடுகிறது. ஹென்றியின் வீட்டைப் பற்றி ஊர்ப் பெரியவர்கள் வெகு அழகாகப் பேசி முடிக்கிறார்கள். பேபிக்கு வீட்டில் இடம் கிடைக்கிறது. முடிவு செய்கிற சபையில் இடம் கிடையாது. அவளாகச் செய்கிற ஒரே முடிவு கடைசியில் அந்த வீட்டை விட்டுப் போய்விடுவது. இதை ஜெயகாந்தனின் குறையாக நான் சொல்லவில்லை. அவ்வளவு விசாலமான மனசு கூட எந்த வாசற்படியில் நின்றுவிடுகிறது என்று பார்க்கத்தான் சொல்கிறேன்.

ஜூரியைப் பற்றிய கதைகளில் உலகப் புகழ் பெற்றது ரெஜினால்ட் ரோஸின் '12 ஆங்ரி மென்'. 1954-இல் டெலிவிஷன் நாடகமாகவும் 1957-இல் சினிமாவாகவும் வந்தது. 1986-இல் பாசு சட்டர்ஜி அதை ஹிந்தியில் எடுத்தார். பன்னிரண்டு பேர் ஓர் அறையில் உட்கார்ந்து, ஒரு பையன் சாக வேண்டுமா என்று விவாதிக்கிறார்கள். அவர்களில் ஒருவர் முன்கோபி, ஒருவர் குப்பத்து ஜனங்களையே வெறுப்பவர், ஒருவர் பந்தாட்டம் பார்க்கப் போகிற அவசரத்தில் இருப்பவர். சட்டப்படி எல்லோரும் சித்தம் தெளிந்தவர்கள்! மகன் மேல் உள்ள கோபத்தை முன்பின் தெரியாத ஒரு பையன் மேல் காட்டுகிற அந்த முன்கோபியை யாரும் டாக்டர் கடிதம் கேட்கவில்லை. நாடகத்தின் பலமே அதுதான். தெளிந்தவர்களின் தெளிவு எத்தகையது என்று அது காட்டிவிடுகிறது. அந்த அறைக்குள் வராமல் வாசலிலேயே நிறுத்தப்பட்டவர்கள் யார் என்று மட்டும் அது கேட்கவில்லை.

கேட்டவர் ஒருவர் இருக்கிறார். பழைய காலத்து ஆள். சிலப்பதிகாரத்தில் பாண்டியன் சபைக்கு வருகிற கண்ணகியின் நிலையை நினைத்துப் பாருங்கள். தலைவிரி கோலம், கண்ணீர், கையில் ஒற்றைச் சிலம்பு. எந்த டாக்டரும் அவளுக்கு அன்று தெளிவு இருப்பதாகக் கடிதம் கொடுத்திருக்க மாட்டார். அவள் சாட்சியாக வருகிறாள். சிலம்பை உடைத்து நிரூபிக்கிறாள். விசாரிக்காமல் தண்டித்த அரசன், தானே குற்றவாளி என்று ஒப்புக்கொண்டு ஆசனத்திலிருந்து சரிந்து விழுகிறான். அதோடு கதை நிற்கவில்லை. அடுத்த தீர்ப்பு அவளுடையது. மதுரைக்குத் தீ வைக்கும்போது இன்னின்னாரைத் தொடாதே என்று முதியவர்களையும் குழந்தைகளையும் பசுக்களையும் நல்லவர்களையும் பிரித்து நிறுத்திவிட்டுத்தான் அனுப்புகிறாள். அந்த வெறியிலும் தரம் பிரிக்கிறாள். அவளுடைய பிரிவினை சரியா என்று இன்று நாம் சண்டை போடலாம். அவள் ஊரையே எரித்தது அநியாயம் என்று சொல்லலாம். ஆனால் இளங்கோ அவளைச் சாட்சியோடு நிறுத்தாமல் தீர்ப்புச் சொல்ல விட்டார். நானூறு ஐந்நூறு பக்கம் எழுதுகிற நம்மவர்களுக்கு அந்தத் துணிவு வரவில்லை.

எனக்கும் வரவில்லை. என் முதல் நாவலில் ஆம்பூர் மாமாவை வைத்து ஒரு பாத்திரம் படைத்தேன். தோல் ஷாப்பில் வேலை செய்கிற, அரைகுறையாகத் தெளிந்த ஒரு மனிதர். குடும்பத்தின் பொய்களை எல்லாம் சாப்பாட்டு வேளையில் போட்டு உடைப்பவர். வாசகர்கள் அந்தப் பாத்திரத்தைக் கொண்டாடினார்கள். மாமாவும் படித்தார். ஒரு வாரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஒரு நாள் கேட்டார்: "நல்லாத்தான் பேச வெச்சிருக்கே. ஆனா ஒரே ஒரு விஷயத்தையாவது என்னை முடிவு பண்ண விட்டிருக்கலாமேடா?"

என்னைப் பற்றி எழுதப்பட்ட விமர்சனங்களில் இதைவிடச் சரியானது எதுவும் இல்லை.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபணை இருக்கிறது. மனம் நொந்தவனைக் கொலை வழக்குக் கேட்க வா என்று இழுப்பதா கருணை? இல்லைதான். 'என்னால் முடியாது, விட்டுவிடுங்கள்' என்று ஒருவர் கேட்டால் விட்டுவிட வேண்டும். அந்தப் பிரிவு இருப்பதே அதற்காக. ஆனால் அவர் கேட்டுப் பெறுகிற விலக்கு வேறு. அவர் சார்பில் பிறர் கேட்டு வாங்கி அவர் தலையில் வைக்கிற விலக்கு வேறு. கோர்ட்டுக் காகிதத்தில் இரண்டும் ஒரே வாக்கியமாகத்தான் இருக்கும். முன்னதில் மனிதன் தன்னைப் பற்றித் தானே ஒரு தீர்ப்புச் சொல்கிறான். பின்னதில் அதற்குக்கூட அவன் தகுதி இல்லாதவன் ஆகிறான். தாத்தா மாமாவைக் கூப்பிட்டு, "போறியா, வேண்டாமா?" என்று கேட்டிருந்தால் மாமா ஒருவேளை வேண்டாம் என்றே சொல்லியிருப்பார்.

ஜூரியே போய்விட்ட நாட்டில் இதைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்றும் கேட்கலாம். ஜூரி இன்னும் இருக்கிற இங்கிலாந்தில், மனநோய்க்காக ஒழுங்காக டாக்டரைப் பார்த்து மருந்து சாப்பிடுகிறவர்களைக்கூட 2013 வரை ஜூரியில் சேர்க்காமல் ஒதுக்கி வைத்திருந்தார்கள். அந்த வருஷத்தில் பார்லிமெண்டு நிறைவேற்றிய ஒரு சட்டம்தான் அந்தப் பொதுத் தடையை நீக்கியது. நமக்கு ஜூரிப் பெஞ்சு இல்லாவிட்டாலும் வோட்டர் பட்டியல் இருக்கிறது, உயில் இருக்கிறது, சொத்து இருக்கிறது, கல்யாணப் பேச்சு இருக்கிறது. சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று வோட்டர் பட்டியலிலிருந்து ஒருவரை நீக்க வேண்டுமானால், தகுந்த கோர்ட்டு அப்படிப் பிரகடனம் செய்திருக்க வேண்டும். 2017-ஆம் வருஷத்து மனநலப் பாதுகாப்புச் சட்டமும், ஒருவருக்கு மனநோய் இருக்கிறது என்று தீர்மானித்ததனால் மட்டும் அவர் சித்த சுவாதீனம் இல்லாதவர் ஆகிவிட மாட்டார் என்று தெளிவாகவே சொல்கிறது. சட்டம் மெள்ள மெள்ள 1872-ஆம் வருஷத்து ஞானத்துக்குத் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. வீட்டுக் கூடத்துக்குள் அது எப்போது வந்து சேரும் என்பது வேறு விஷயம்.

அங்கே இலக்கியத்துக்குக் கொஞ்சம் வேலை இருக்கிறது என்று நினைக்கிறேன். சித்தம் கலங்கியவனைப் பேச வைப்பது இப்போது சுலபம். அதற்கு ஒரு பாணியே ஏற்பட்டுவிட்டது. அவன் ஒரு முடிவு செய்யட்டும், அந்த முடிவினால் மற்றப் பாத்திரங்களுக்கு ஏதாவது நேரட்டும். அது தப்பான முடிவாகக்கூட இருக்கலாம். தெளிந்தவர்கள் தப்பு முடிவு செய்து எத்தனை நல்ல நாவல்கள் பிறந்திருக்கின்றன!

என் நாவலின் மறுபதிப்பு வந்தபோது அந்தப் பாத்திரத்தைத் திருத்தலாமா என்று யோசித்தேன். திருத்தவில்லை, அந்த வயதில் எனக்கு அவ்வளவுதான் தெரிந்திருந்தது. அந்தப் பதிப்பைப் பார்க்க மாமாவும் இல்லை. கண் மங்கிய பிறகும் கடைசி வரை அவரை ஷாப்புக்குக் கூப்பிட்டார்கள். அடுக்கில் சந்தேகம் வருகிற தோலை மட்டும் எடுத்து வைத்திருப்பார்களாம். அவர் உட்கார்ந்து, தடவிப் பார்த்து, எந்த அடுக்கு என்று சொல்லிவிட்டு வருவார்.